மரச் சாமான்களுக்கு வீட்டு வெள்ளைப் பூச்சு

திருவண்ணாமலை நகரிலிருந்து செங்கம் செல்லும் சாலையில், சுமார் இரண்டு கிலோமீட்டர் தொலைவில், ரமணாசிரமம் இருக்கிறது. 1922ஆம் ஆண்டில் ரமணரின் அன்னையார் மறைந்து, அவரது சமாதி மலையின் தென் அடிவாரத்தில் அமைந்த பின்னர், அவ்விடத்தைச் சுற்றி முதலில் ஓலைக் குடிசைகளும் பிறகு கட்டடங்களுமாக வளர்ந்த பகுதி இது. மலையைச் சுற்றிச் செல்லும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் இவ்வழியேதான் போகிறது. பாதை நெடுகிலும் சிறு கோயில்கள், சத்திரங்கள், தேநீர்க் கடைகள், குடியானவர் வீடுகள். தைப் பொங்கலுக்கு முன்னர் இந்தச் சுவர்களில் பெரும்பாலானவை வெள்ளை பெறுகின்றன. சுவர் முடிந்து தொட்டியில் சுண்ணாம்பு மீந்தால், அதே கையோடு வாசலில் கிடக்கும் பெஞ்சுக்கும், மாட்டுத் தொழுவத்தின் மரக்கால்களுக்கும், பழைய அலமாரிக்கும் ஓர் இழுப்பு இழுத்து விடுவது வழக்கம்.

இங்கேதான் தவறு நேர்கிறது. சுவரில் ஓராண்டு நிற்கும் வெள்ளை, பெஞ்சில் ஒரு மாதமும் நிற்பதில்லை. அமர்ந்து எழுந்தவரின் வேட்டியிலும் பள்ளிப் பிள்ளையின் கால்சட்டையிலும் ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது. “சுண்ணாம்பு மட்டம்” என்று கடைக்காரரைக் குறை கூறுகிறோம். குறை சுண்ணாம்பில் இல்லை. சுவருக்கு உரிய கலவையை மரத்திற்கு இட்டதே குறை.

சுண்ணாம்பின் தன்மையைச் சற்று அறிந்துகொண்டால் இது எளிதில் விளங்கும். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயிலிட்டு ஏறத்தாழ 900 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. 100 கிலோ தூய கல்லில் 44 கிலோ வாயுவாகப் போய், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அரியலூர், சங்ககிரிப் பகுதிகளில் கிடைப்பது கல். பழவேற்காடு போன்ற கடலோரங்களில் கிடைப்பது கிளிஞ்சல். இரண்டும் காளவாயை விட்டு வெளிவந்த பின் ஏறக்குறைய ஒரே பொருள்தான். சுட்ட சுண்ணாம்பின் 56 பங்கு, 18 பங்கு தண்ணீரை உட்கொண்டு நீறுகிறது. நீறிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து தான் இழந்த கரியமில வாயுவையே திரும்பப் பெற்று மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது. பூச்சு இறுகுவது வெறுமே காய்வதனால் அன்று, கல்லாவதனாலேயே ஆகும்.

காரைச் சுவரில் நுண்ணிய துளைகள் உண்டு. சுண்ணாம்பு அத்துளைகளுக்குள் புகுந்து கல்லாகி, சுவரோடு சுவராகி விடுகிறது. மரமோ வேறு சாதி. இழைத்து வழுவழுப்பாக்கிய பலகையில் சுண்ணாம்புக்குப் பிடிப்பு இல்லை. மேலும், மரம் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கிறது, கோடையில் சுருங்குகிறது. அதன் மேலுள்ள மெல்லிய கல் ஏடு வளையாது. ஆகவே வெடித்து உதிர்கிறது. இதற்குப் பரிகாரம், மரத்தோடு ஒட்டுவதும் ஓரளவு வளைந்து கொடுப்பதுமான ஒரு பசையைச் சுண்ணாம்போடு சேர்ப்பதே. அந்தப் பசை வேறெங்கும் இல்லை, நம் தொழுவத்திலேயே இருக்கிறது. பாலிலுள்ள புரதமே அது.

புளித்த பாலிலிருந்து பிரியும் கட்டியைச் சுண்ணாம்போடு பிசைந்தால், இரண்டும் கூடி, காய்ந்த பின் தண்ணீரில் எளிதில் கரையாத பசையாகிறது. மேல்நாடுகளில் தச்சர்கள் நெடுங்காலம் பலகைகளை ஒட்டுவதற்கும் நாற்காலி, பெட்டிகளுக்கு வண்ணம் தீட்டுவதற்கும் இதனைக் கையாண்டு வந்தார்கள். நம் நாட்டில் செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப் பூச்சில் முட்டையின் வெண்கரு சேர்ந்ததும் இது போன்ற அனுபவ அறிவின் விளைவே.

“குடிக்கும் பாலைப் பெஞ்சுக்குப் பூசச் சொல்வதா?” என்று நம் தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நல்ல பால் தேவையில்லை; உண்மையில் நல்ல பால் உதவாது. பாலிலுள்ள கொழுப்பு சுண்ணாம்போடு சேர்ந்து சவுக்காரமாகிப் பூச்சைக் கெடுத்துவிடும். வெண்ணெய் எடுத்த மோர், கோடை மத்தியானத்தில் திரிந்துபோய் ஏடு நீக்கப்பட்ட பால் ஆகியவையே இதற்கு ஏற்றவை. கறவை மாடு உள்ள வீட்டில் ஆண்டுக்கு இரண்டொரு முறையாவது இப்படிப்பட்ட பால் வீணாகத்தான் செய்கிறது.

இனிச் செய்முறையைக் கூறுவோம். அதற்கு முன்னர் ஓர் எச்சரிக்கை. கட்டுரையில் மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்கலாகாது.

சுட்ட சுண்ணாம்பு நீறும்போது எழும் வெப்பம் தண்ணீரைக் கொதிக்கச் செய்யவல்லது. குவித்து வைத்த சுண்ணாம்பின் மீது சிறிதளவு தண்ணீரை ஊற்றினால், அது வெடித்துத் தெறிக்கும். தெறித்த துளி கண்ணில் பட்டால், சுடுவதோடு நில்லாமல், காரத்தன்மையால் கருவிழியை அரித்துப் பார்வையையே போக்கிவிடும். வெற்றிலைக்கென விற்கும் சிறு சுண்ணாம்புப் பொட்டலங்களைக் குழந்தைகள் அழுத்தி விளையாடி, அது கண்ணில் தெறித்துப் பார்வை கெட்ட நிகழ்ச்சிகளை இந்தியக் கண் மருத்துவர்கள் தங்கள் ஏடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். வெற்றிலைச் சுண்ணாம்பே இவ்வாறெனில், கொதிக்கும் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே சுண்ணாம்பை நீற்றும் இடத்திற்குச் சிறுவர்களை அண்டவிடக் கூடாது. நீற்றுபவர் கண்ணாடிக் கவசமும், முழுக்கைச் சட்டையும், ரப்பர் கையுறையும் அணிய வேண்டும். பக்கத்தில் ஒரு குடம் சுத்தமான தண்ணீர் எப்பொழுதும் நிரம்பியிருக்க வேண்டும்.

கண்ணில் பட்டுவிட்டால், எண்ணெய் விடுதல், தாய்ப்பால் விடுதல் முதலிய எதையும் செய்யாமல், இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஓடும் தண்ணீரால் அரைமணி நேரம் விடாது கழுவுக. இமைக்குள் சுண்ணாம்புத் துணுக்கு தெரிந்தால் நனைந்த துணி நுனியால் எடுத்துவிடுக. கழுவாமல் மருத்துவமனைக்கு ஓடுவது தவறு. கழுவி முடித்த பின் போகாதிருப்பதும் தவறு. தோலில் உலர்ந்த தூள் ஒட்டியிருந்தால் முதலில் தட்டிவிட்டுப் பிறகு நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும்.

நீற்றுவதற்கு இரும்புத் தொட்டி அல்லது செங்கல் கட்டிய குழி நன்று. பிளாஸ்டிக் வாளி வெப்பத்தில் இளகிவிடும். அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரித்து, தீப்பற்றும் வாயுவை உண்டாக்கும். சுண்ணாம்பின் எடையைப் போல் மூன்று பங்கு தண்ணீரை முதலில் தொட்டியில் ஊற்றிவிட்டு, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக அதில் இடுக. எப்பொழுதும் தண்ணீரில் சுண்ணாம்பை இட வேண்டுமேயன்றி, சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றலாகாது. நீண்ட கழியால் கிளறிக்கொண்டிருக்க, கொதி அடங்கும். மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டி, மேலே தண்ணீர் நிற்க மூடி வைத்தால், இரண்டொரு வாரத்தில் வெண்ணெய் போன்ற குழைவு கிடைக்கும். சுவருக்கு நீற்றும்போதே இரண்டு படி குழைவை ஒதுக்கி வைத்துக்கொள்வது சிக்கனம். இவ்வளவு பாடுபட இயலாதவர்கள் கடையில் பைகளில் விற்கும் நீறிய சுண்ணாம்புத் தூளை வாங்கி, முதல் நாளே தண்ணீரில் ஊற வைத்துக்கொள்ளலாம். கொதிக்கும் அபாயம் அதில் இல்லை. கண்ணுக்கு உண்டாகும் அபாயம் அதிலும் உண்டு.

மோரை இளஞ்சூடாக்கினால் திரிந்து கட்டி மேலெழும். ஏடு நீக்கிய பாலானால் கைபொறுக்கும் சூட்டில் எலுமிச்சைச் சாறோ காடியோ விட்டுத் திரிக்க வேண்டும். துணியில் வடித்துப் பிழிந்து, புளிப்பு நீங்க இருமுறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிக. புளிப்பு நின்றுவிட்டால் அதை முறிப்பதிலேயே சுண்ணாம்பு செலவாகிவிடும். இரண்டு லிட்டர் பாலிலிருந்து ஏறத்தாழ கால் கிலோ ஈரக்கட்டி கிடைக்கும்.

இக்கட்டி ஐந்து கிண்ணம் எனில், சுண்ணாம்புக் குழைவு ஒரு கிண்ணம். இரண்டையும் கட்டியில்லாமல் கழியால் மசித்து, கால் மணி நேரம் விட்டுவைத்தால், வெண்மை சற்று மங்கிக் கண்ணாடி போன்ற ஒட்டும் கூழாக மாறும். அதுவே பசை. அதில் அதே அளவு தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றி நெகிழ்த்தி, சீமைச் சுண்ணாம்புத் தூளைத் தனியே நனைத்துக் குழைத்துச் சேர்க்க வேண்டும். பூச்சுக்கு உடலும் வெண்மையும் தருவது இத்தூளே. பாலேட்டின் பதம் வந்ததும் மீண்டும் வடிகட்டுக. சுண்ணாம்பு நல்லது என்று கருதி அளவைக் கூட்டலாகாது. மிகுந்த சுண்ணாம்பு பசையை முறித்துப் பூச்சை மாவாக்கும்.

கலந்த அன்றே பூசி முடித்தல் வேண்டும். மறுநாள் அழுகி நாறும்.

பாலுக்கு வழியில்லாத இடத்தில், சுண்ணாம்புக் குழைவுடன் அரிசிமாவுக் கஞ்சியும் தச்சர் உபயோகிக்கும் வஜ்ரமும் கரைத்துச் சேர்ப்பது பழைய முறை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் கலங்கரை விளக்கங்களுக்குப் பூசிய வெள்ளையில் அரிசிக் கஞ்சி, வஜ்ரம், உப்பு ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தன. நம் பாட்டியர் கஞ்சித் தண்ணீர் சேர்த்ததும் அதுவேதான். வேலிக்கால், தொழுவத்துத் தூண் முதலியவற்றிற்கு இது போதும். அமரும் பெஞ்சுக்குப் போதாது. உப்பு ஈரத்தை ஈர்த்துச் சுண்ணாம்பு இறுகத் துணை செய்யும் என்பது மெய். ஆயினும் ஆணி அடித்த மரத்தில் உப்பு சேர்ப்பது துருவை அழைப்பதாகும்.

எந்த மரத்திற்குப் பூசுவது என்பதும் அறிய வேண்டுவதே. மா, பூவரசு, பழைய பெட்டிப் பலகை ஆகியவை பூச்சை நன்கு ஏற்கும். தேக்கில் இயற்கையான எண்ணெய் இருப்பதால் பிடிப்புக் குறைவு. தவிர, தேக்கை வெள்ளையால் மறைப்பது அழகுமன்று. கருவேலம் போன்ற துவர்ப்பு மிகுந்த மரங்களில் வேறொரு தொல்லை. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். கருவேலம் பட்டையும் ஆவாரம் பட்டையும் தோலைப் பதனிடுவது அவற்றிலுள்ள துவர்ப்பினால்தான். அத்துவர்ப்பு சுண்ணாம்பின் காரத்தோடு சேர்ந்தால் பழுப்புக் கறையாக ஊறி வெளிவரும். எத்தனை பூச்சு அடித்தாலும் கறை மேலே வரும். ஆகவே எம்மரமாயினும் முதலில் அடிப்புறத்தில் ஒரு சாண் அளவு பூசி, இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பிறகு தொடங்குவதே விவேகம்.

அதே தோல் தொழிலில் மயிரை நீக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் தோலை ஊற வைக்கிறார்கள். மயிர்த் தூரிகையால் இப்பூச்சை அடித்தால் தூரிகைக்கும் அதே கதிதான். தென்னை மட்டையையோ பனை நாரையோ நுனி தட்டிச் செய்த மட்டை சாலச் சிறந்தது, காசும் இல்லை.

மரத்தைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, நன்றாக உலர்த்தி, முரட்டு உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். பழைய பெயிண்டு, வார்னிஷ் இருந்தால் அதன் மேல் இப்பூச்சு நில்லாது. சுரண்டி எடுக்க வேண்டுமெனில் மிகவும் எச்சரிக்கை தேவை. பழைய பெயிண்டுகளில் ஈயம் கலந்திருந்தது. வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற மத்திய அரசின் விதி 2016இல் வெளியிடப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பெஞ்சு, தொட்டில், கட்டில் எதையும் ஈயம் உள்ளதாகவே கொள்வது நலம். ஈயத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பெயிண்டுச் செதில்களை நக்கும் மாடுகளும் நோயுற்று மடிகின்றன. எனவே உலர்ந்தபடி தேய்க்காமல், நனைத்து நனைத்துச் சுரண்டி, செதில்களைக் கோணியின் மேல் சேர்த்துக் கட்டி, பிள்ளைகளும் கால்நடைகளும் எட்டாதபடி அப்புறப்படுத்துக. எரிப்பது கூடாது, குப்பைக் குழியில் எருவோடு போடுவதும் கூடாது. பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் பழைய பெயிண்டு உரிந்த சாமான்கள் இருக்கின்றனவா என்று பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஒரு முறை நேரில் சென்று பார்த்து வருவது நல்லது. விடுமுறை நாட்களில்தான் இவ்வேலையைச் செய்ய வேண்டும்.

பூசும் முன் மரத்தை ஈரத் துணியால் ஒற்றிவிட்டு, முதல் பூச்சை மோர் பதத்தில் மிக மெல்லியதாக இழுக்க வேண்டும். புதியவர்கள் தவறுவது இவ்விடத்தில்தான். ஈரமாக இருக்கும்போது பூச்சு கண்ணுக்கே தெரியாது. மரம் அப்படியே காட்சி தரும். “வெள்ளையே பிடிக்கவில்லையே” என்று மேலும் மேலும் அப்பத் தோன்றும். அப்பலாகாது. காயக் காயத்தான் வெண்மை வெளிப்படும். தடித்த பூச்சு காய்ந்ததும் குளத்து வண்டல் போல் பாளம் பாளமாக வெடித்துவிடும். ஒரு நாள் விட்டு இரண்டாம் பூச்சு, தேவையானால் மறுநாள் மூன்றாம் பூச்சு. மூன்று மெல்லிய பூச்சு ஒரு தடித்த பூச்சைவிடச் சிறந்தது.

எல்லாவற்றையும் நிழலில் செய்ய வேண்டும். சித்திரை வெயிலில் பூச்சிலுள்ள ஈரம் விரைவில் ஓடிவிட, சுண்ணாம்பு கல்லாகாமல் மாவாகவே நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையிலோ பூச்சு உலராமல் பூஞ்சணம் பூக்கும். கார்த்திகைத் தீபத்திற்கு லட்சக்கணக்கான மக்கள் கூடுமுன் பெஞ்சுகளைப் புதுப்பிக்க விரும்பும் கிரிவலப் பாதைக் கடைக்காரர்கள் புரட்டாசியிலேயே, மழை பிடிக்குமுன், முடித்துவிடுவது உத்தமம். மற்றவர்களுக்குத் தை, மாசிக் காலை நேரங்களே தகுந்தவை.

வண்ணம் வேண்டுவோர் காவி, மஞ்சள் மண், கரித்தூள் இவற்றைச் சேர்க்கலாம். மண்ணில் விளைந்த இவற்றைச் சுண்ணாம்பு கெடுக்காது. வெளுப்பு எடுப்பாகத் தெரியச் சிறிது சலவை நீலமும் விடலாம். சமையல் மஞ்சளைச் சேர்த்தால் என்னவாகும் என்பதை, ஆலத்தித் தண்ணீர் கரைத்த எந்த மூதாட்டியும் சொல்வார். பெஞ்சு சிவப்பாகும், பிறகு வெயிலில் அதுவும் வெளுத்துவிடும்.

ஒரு வாரம் கழித்துக் கறுப்புத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். துணியில் இலேசான சாயல் மட்டும் பட்டால் பூச்சு தேறியது. மாவாக ஒட்டினால் சுண்ணாம்பு மிஞ்சிவிட்டது என்று பொருள். துடைத்துவிட்டுப் பசை கூடிய மெல்லிய பூச்சு ஒன்று இட வேண்டும். உட்காரும் பலகைக்கும் எழுதும் மேசைக்கும், இரண்டு வாரம் கழித்து ஆளிவிதை எண்ணெயைத் துணியால் மிக மெல்லியதாகத் தேய்த்துவிட்டால் ஆடையில் ஒட்டாது. நிறம் சற்று மஞ்சளாகும், அவ்வளவே. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பற்றுவதுண்டு. விரித்து வெளியில் உலர்த்துக, அல்லது தண்ணீரில் அமிழ்த்துக.

கறையானைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை அடித்த மரத்தைக் கறையான் தீண்டாது என்று பலர் நம்புகிறார்கள். இது சரியன்று. கறையான் தரையிலிருந்து கால் வழியே உட்புகுந்து மரத்தின் நடுவை அரிக்கும். மேல் பூச்சு அதைத் தடுக்காது. ஆனால் ஒரு நன்மை உண்டு. வெண்ணிறக் காலில் கறையானின் மண் தடம் ஏறினால் முதல் நாளே கண்ணில் படும். பெஞ்சின் கால்களைக் கருங்கல் துண்டுகளின் மேல் நிறுத்தி, வாரம் ஒரு முறை அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தால், சாமான் பல ஆண்டு தப்பும்.

வேலை முடிந்து மீந்த பால் கலவையை எருக்குழியில் கொட்டிவிடலாம். மீந்த சுண்ணாம்புக் குழைவைக் கொட்ட வேண்டாம். மண்பானையிலிட்டு, மேலே நான்கு விரற்கடைத் தண்ணீர் நிறுத்தி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் மூடி வைத்தால் அடுத்த தைக்கும் ஆகும். நாளாக நாளாகக் குழைவு இன்னும் மென்மையாகும். மேலேயுள்ள தண்ணீர் வற்றாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.